59 வயசைத் தாண்டினா தொழிலாளி இல்லையா?

(விழுப்புரம் மாவட்டத் தகவல் தொழில்நுட்ப அணிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னை ஹேஷ்டேக் பத்திப் பேசச் சொன்னாங்க. அதை வாட்ஸ்அப் குரூப்லயே பேசிக்கலாம். நான் பேச வந்தது, நம்ம ஊர்ல சாக்கு மூட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு பாட்டில், அட்டை சேகரிக்கிற ஆயாக்களையும் பெரியவர்களையும் பத்தி.

விழுப்புரம் ஜங்ஷன்ல சென்னை, திருச்சி, பாண்டி, காட்பாடின்னு நாலு பக்கத்து ரயிலும் வந்து சேருது. திண்டிவனத்துல பாண்டி ரோடும் திருவண்ணாமலை ரோடும் பிரியுது. அவ்வளவு பேர் குடிச்சுப் போடுற தண்ணி பாட்டில் எங்க போகுது? விடியக்காலம் ஒருத்தங்க குனிஞ்சு எடுக்கிறாங்க. அதனாலதான் அது நம்ம சாக்கடைக்குப் போகாம இருக்கு.

இதை "குப்பை பொறுக்குறது"ன்னு சுலபமா சொல்லிடறோம். ஒரு நாள் காயலாங்கடையில நின்னு பாருங்க. பாட்டில் தனி, பால் கவர் தனி, அட்டை தனி, இரும்பு தனி. பிரிச்சுக் கொடுத்தா ஒரு விலை, கலந்து கொடுத்தா வேற விலை. அட்டை நனைஞ்சிருந்தா எடையில கழிப்பாங்க. 2024 பெஞ்சல் புயல்ல நம்ம மாவட்டம் வெள்ளத்துல கிடந்தப்ப ரேஷன் கார்டுக்கு 2,000 ரூபாய் நிவாரணம் வந்தது. நனைஞ்சு போன அட்டை மூட்டை எந்தக் கணக்குலயும் வரல, ஏன்னா அதைத் தொழில்னு யாரும் எழுதி வைக்கல.

எழுதி வைக்கத்தான் இ-ஷ்ரம் இருக்கேன்னு கேப்பீங்க. 2021-ல மத்திய அரசு ஆரம்பிச்ச பதிவு அது. வயசு வரம்பு 16-லிருந்து 59. அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்துலயும் 60-க்கு மேல புதுசா சேர முடியாது. நான் இன்ஜினியரிங் படிச்சவன், அதனால எனக்கு இது இப்படித்தான் தெரியுது: ஒரு ஃபார்ம்ல வயசுக் கட்டத்துக்குப் பின்னாடி யாரோ ஒரு கண்டிஷன் எழுதி வச்சிருக்காங்க. 65 வயசுல வெயில்ல நடக்கிறவங்களை சிஸ்டம் தொழிலாளியா ஏத்துக்கவே ஏத்துக்காது.

சரி, முதியோர் உதவித்தொகை? 2023-ல தமிழ்நாட்டுல அதை 1,000-லிருந்து 1,200 ஆக்கினாங்க. ஒரு நாளைக்கு 40 ரூபாய். அதுல 80 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு மத்திய அரசு பங்கு மாசம் 200, பல வருஷமா அதே 200. 40 ரூபாய்ல ரெண்டு வேளை சாப்பிட முடியுமா? அதான் பென்ஷன் வாங்குறவங்களும் சாக்கைத் தூக்கறாங்க. பணக்கார நாடான தென் கொரியாவுலயே வயசானவங்க வண்டியில அட்டை சேகரிச்சு வித்துதான் செலவைச் சமாளிக்கிறாங்க.

வழி இல்லாம இல்ல. புனேயில 1993-லயே இவங்க தொழிற்சங்கம் கட்டினாங்க. 2008-ல இருந்து 'ஸ்வச்' கூட்டுறவு மூலமா மாநகராட்சியோட ஒப்பந்தம் போட்டு வீடு வீடா வாங்குறாங்க. கூட்டுறவே அவங்களுதுதான். இங்க நகராட்சி வண்டி வந்ததும் நல்ல சரக்கெல்லாம் அதுல போயிடுது, ஆயாவுக்கு மிச்சம்தான். இவங்களை அங்கீகரிச்சு வேலையில சேர்க்கணும்னு 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள்லயே உள்ளாட்சிகளுக்குச் சொல்லியிருந்தாங்க. 2024-ல 'நமஸ்தே' திட்டத்துலயும் கழிவு சேகரிப்போரைச் சேர்த்தாங்க: கணக்கெடுப்பு, அடையாள அட்டை, மருத்துவக் காப்பீடு. விழுப்புரம், திண்டிவனம் ரெண்டு நகராட்சியிலயும் நாம கேட்க வேண்டியது ஒண்ணுதான். அந்தப் பட்டியல்ல எத்தனை பேர், அதுல 60 தாண்டினவங்க எத்தனை பேர்?

பதில் வரும்னு காத்திருக்க வேணாம். வார்டுக்கு ரெண்டு பேர், சாயங்காலம் காயலாங்கடை பக்கம் போங்க, சரக்கு போட அப்பதான் வருவாங்க. 59-க்குள்ள இருந்தா இ-ஷ்ரம் உடனே போட்டுடுங்க, ஒரு வருஷம் விட்டாலும் கதவு மூடிடும். 60 தாண்டி பென்ஷன் இல்லாதவங்களுக்கு இ-சேவையில மனு போடுங்க. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்காதீங்க, ப்ளீஸ். பேரும் வார்டும் வயசும் மட்டும் எழுதுங்க.

திங்கட்கிழமை குறைதீர் நாள்ல கலெக்டர் ஆபீஸ்ல எல்லா மனுவையும் சேர்த்துக் கொடுப்போம். ஆதார் ஜெராக்ஸ் செலவு நம்மளது, அந்த ரெண்டு ரூபாயை அவங்ககிட்ட வாங்காதீங்க.