சாய்ந்த சுவரில் சாளரம்

கொத்தனார் கையிலுள்ள தூக்குக் குண்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சுவர் செங்குத்தாக எழுகிறதா என்பதை நூலில் தொங்கும் அச்சிறு இரும்பு சொல்லிவிடும். இந்நாளில் வீட்டுப் படம் வரையக் கணிப்பொறியில் வழங்கும் மென்பொருள்கள் பலவற்றுள்ளும் கண்ணுக்குப் புலனாகாத தூக்குக் குண்டு ஒன்று தொங்குகிறது. தரைப்படத்தில் நாம் இழுத்த கோட்டிற்குத் தடிப்பும் உயரமும் தந்து, நேர் மேலே எழுப்பி, அதையே சுவர் என்கிறது மென்பொருள். அதில் சாளரத்தைக் கொண்டு வைத்தால், சுவர் தானே திறந்து வழிவிடும்.

சுவரே சாய்ந்திருந்தால் என் செய்வது? ஆங்கில ‘ஏ’ எழுத்தின் வடிவில் அமைந்த வீடுகளில், கூரையே தரைவரை இறங்கிச் சுவராகிவிடுகிறது. ருடால்ஃப் ஷிண்ட்லர் 1934இல் கலிபோர்னியாவின் ஆரோஹெட் ஏரிப்பகுதிக்கு அத்தகைய வீடொன்றை வகுத்தார்.

‘ஸ்வீட் ஹோம் 3டி’ என்னும் மென்பொருளில் சுவரின் தொடக்கத்திற்கு ஓர் உயரமும் முடிவிற்கு வேறோர் உயரமும் தரலாம். அதனால் சரிவது சுவரின் மேல்விளிம்பே. சுவர் செங்குத்தாகவே நிற்கும். இங்கேதான் பலர் மயங்குகின்றனர். இதற்கு ஒரு வழி உண்டு. சுவரை நேராகவே எழுப்பிச் சாளரத்தையும் பொருத்திவிடுங்கள். இரண்டையும் ஒரே உருவமாகக் கோப்பில் எழுதி, மேசை நாற்காலியைப் போன்றதொரு பொருளாக மீண்டும் உள்ளே கொணர்ந்து, பின்பு சாயுங்கள். சாளரமும் சுவரோடு சாய்ந்துவிடும்.

ஆனால் அளவில் எச்சரிக்கை வேண்டும். 3 மீட்டர் உயரச் சுவரொன்றைத் தரையோடு 60 பாகைக் கோணத்தில் சாய்த்தேன். கூரைக்கும் சுவருக்கும் நடுவே 40 சென்டிமீட்டர் வானம் தெரிந்தது! பள்ளியிற் படித்த சைன் அட்டவணை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 60 பாகையின் சைன் 0.866. ஆகவே 3 மீட்டர் சுவர் சாய்ந்தபின் 2.60 மீட்டர் உயரமே எட்டும். 3 மீட்டர் உயரம் வேண்டின் சுவரின் நீளம் 3.46 மீட்டர் இருத்தல் வேண்டும். சாளரத்திற்கும் இதே கணக்குத்தான். முகப்புப் படத்தில் 1.04 மீட்டராகத் தோன்றும் சட்டம் உண்மையில் 1.20 மீட்டர். படத்தை அளந்து தச்சரிடம் சொன்னால் மரமும் கூலியும் வீண்.

‘ரெவிட்’ என்னும் மென்பொருளின் 2021ஆம் பதிப்பு முதல், சுவரின் சாய்கோணத்தை நேரே கொடுத்துவிடலாம். சாளரம் சுவரோடு சாய வேண்டுமா, நிமிர்ந்து நிற்க வேண்டுமா என்பதையும் நாமே குறிக்கலாம். எதைத் தேர்வது? திரையில் மழை பெய்வதில்லை. ஆதலால் இரண்டும் அழகாகவே தோன்றும். உட்புறம் சாய்ந்த சுவரில் படுத்த சாளரம், மழைக்குக் கூரையேதான். அதன் விளிம்பெங்கும் நீர் ஒழுகாத தகட்டு வேலை வேண்டும். சாளரத்தை நிமிர்த்தினாலோ, பக்கங்களில் சிறு சுவர்களும் தலைமேல் ஒரு குட்டிக் கூரையும் கட்டியாக வேண்டும். அவற்றையும் நாமே வரைதல் வேண்டும்.

வெளிப்புறம் சாய்ந்த கண்ணாடியின் கதை வேறு. விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தை அடுத்த முறை உற்று நோக்குங்கள். உள்விளக்குகளின் பிரதிபலிப்பு பணியாளரின் கண்ணை மறைக்காதிருக்கவே, அங்குக் கண்ணாடிகள் மேற்புறம் வெளியே சாய்ந்து நிற்கின்றன.