மூங்கில் கம்பத்தில் ஒரு வானொலி நிலையம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மைக் யார் கைக்குப் போகிறது என்பதைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அதற்கு முன் ஒரு மெக்கானிக்கை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும்.

பெயர் ராகவ் மஹதோ. பீகார் மாநிலம் வைசாலி மாவட்டம், மன்சூர்பூர் கிராமம். விவசாயக் கூலித் தொழிலாளியின் மகன். அதிகம் படித்தவர் இல்லை. 1997-ல் ஊரில் இருந்த ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். முதலாளி ஊரை விட்டுப் போனதும் கடையை இவரே எடுத்து நடத்தினார். மாத வருமானம் ஏறக்குறைய 2,000 ரூபாய். பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தவருக்கு, பாட்டைக் கேட்கும் பெட்டியைச் சரிசெய்ய முடிகிறதே, பாட்டை அனுப்பும் பெட்டியைச் செய்ய முடியாதா என்று தோன்றியது. 2003 வாக்கில் செய்தும் விட்டார். அதற்கு ஆன செலவு 50 ரூபாய்!

அறிவியல் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பண்பலை அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்பவை. ஆன்டெனா உயர உயர, அவை எட்டும் தூரமும் கூடும். பக்கத்தில் இருந்த மூன்று மாடி மருத்துவமனையின் உச்சியில் மூங்கில் கம்பம் நட்டு, அதில் கருவியைக் கட்டினார் ராகவ். அங்கிருந்து கடைக்கு ஒரு நீண்ட ஒயர். கடைக்குள் பழைய டேப் ரெக்கார்டர்கள், ஏறத்தாழ இருநூறு கேசட்டுகள், செல்லோ டேப் ஒட்டிய மைக். அந்த மைக்கில் அவருடைய நண்பர் சம்பு அறிவிப்பாளராகப் பேசினார். நிலையத்தின் பெயர் ‘ராகவ் எஃப்.எம். மன்சூர்பூர் 1’. சுற்றுவட்டாரக் கிராமங்கள் கேட்டன. போஜ்புரிப் பாடல்கள், உள்ளூர்ச் செய்திகள், காணாமல் போனவர் பற்றிய அறிவிப்பு, போலியோ, எய்ட்ஸ் விழிப்புணர்வு என எல்லாம் உண்டு. இதில் அவருக்கு ஒரு பைசா வருமானம் கிடையாது.

2006 பிப்ரவரியில் பிபிசி இதைச் செய்தியாக்கியது. மார்ச்சில், உரிமம் இல்லை என்று நிலையம் மூடப்பட்டது. சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். பண்பலைக்கு அடுத்த அலைவரிசையில்தான் விமானிகள் பேசுகிறார்கள். ஆளுக்கொரு கம்பம் நட்டால் ஆபத்து. அதே ஆண்டின் இறுதியில், அதுவரை கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் இருந்த சமுதாய வானொலி வாய்ப்பு தொண்டு அமைப்புகளுக்கும் திறக்கப்பட்டது. தனிநபருக்குத் திறக்கவில்லை. அதாவது ராகவ் போன்ற ஒருவர் தன் பெயரில் விண்ணப்பிக்க முடியாது. (இதே 2006-ல்தான் நம் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை கைப்பேசி தயாரிக்கத் தொடங்கியது.)

எங்கோ இருக்கும் மன்சூர்பூரை ஏன் இங்கே இழுக்கிறேன்? இன்று பீகார் நமக்கு எங்கோ இல்லை. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் பக்கத்துப் பள்ளிகளின் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் தெரியும். அந்தப் பிள்ளைகள் வகுப்பில் பேசுவதில்லை. ‘மொழி தெரியாத பையன்’ என்கிறோம். அவனுக்கு ஒரு மொழி நன்றாகவே தெரியும். அதைக் கேட்க நம் வகுப்பில் ஆள் இல்லை, அவ்வளவுதான். நம் ஊர்ப் பிள்ளைகளிலும் அப்பாவோடு ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானர் பிடித்துப் பழகியவர்கள் உண்டு. செயின் ஏன் தளர்கிறது, பேரிங் போனால் என்ன சத்தம் வரும் என்று கேட்டால் தடையில்லாமல் விளக்குவார்கள். ஆனால் வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிப்பது எப்போதும் அதே மூன்று நான்கு பேர். கணீரென்ற குரல், பிழையில்லாத வாசிப்பு. விருந்தினர் வரும் நாளில் அது சரி. ஆண்டு முழுவதும் அவர்களே வாசித்தால் மற்றவர்கள் எப்போது பழகுவது?

எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் பத்து நிமிடம் ‘எங்கள் வானொலி’ நடத்துகிறோம். இருப்பது பள்ளி ஒலிபெருக்கி மட்டும். அதற்கு அலைவரிசையும் வேண்டாம், உரிமமும் வேண்டாம். ஒயர், மைக், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் எட்டாம் வகுப்புக் குழுவின் பொறுப்பு. பேசுகிறவர் வாராவாரம் மாற வேண்டும். எழுதி வாசிக்கக் கூடாது, சொல்ல வேண்டும். இந்த இரண்டும்தான் விதி. ஒரு பையன் தன் அம்மா பாடும் தாலாட்டைப் போஜ்புரியில் பாடினான். பக்கத்து பெஞ்சுக்காரன் அதைத் தமிழில் சொன்னான். அர்த்தத்தில் பாதி அவன் கற்பனை என்பது என் சந்தேகம். அடுத்த வாரமே அந்தப் பையன் தமிழில் பேசிவிட்டான் என்று சொல்ல மாட்டேன், அப்படி நடக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் இப்போது அவனிடம் அந்தப் பாட்டைக் கேட்டு வாங்கிப் பாடுகிறார்கள். அவன் உச்சரிப்பைத் திருத்துகிறான்.

பத்து நிமிடம் பாடவேளையில் கை வைக்குமா என்று தலைமையாசிரியர்கள் கேட்பீர்கள். வைக்காது, சாப்பாட்டு நேரத்திலேயே முடிந்துவிடுகிறது. சத்தம் அதிகம் என்ற புகார் மட்டும் ஒன்றாம் வகுப்பு ஆசிரியரிடமிருந்து வந்தது. அதனால் ஸ்பீக்கரை மைதானத்துப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம்.

இந்த வெள்ளிக்கிழமை, டியூபில் ஓட்டையைத் தண்ணீர் வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி பேசுகிறாள். அவள் அப்பா பஞ்சர் கடை வைத்திருக்கிறார். நேரம் கிடைப்பவர்கள் வந்து கேளுங்கள்.