பிறந்த பிள்ளைக்கு ஓராண்டுக் கெடு

(இடுக்கி மாவட்டம் ஆனைக்கரையில், வெளிநாடுகளில் உழைப்போரின் குடும்பங்கள் பங்கேற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



ஏலத்தோட்டங்கள் சூழ்ந்த இந்த ஆனைக்கரையில் இன்று கூடியிருக்கிறோம். இதே பெயருடைய இன்னோர் ஊர் பாலக்காடு மாவட்டத்தில், பாரதப்புழையை ஒட்டிய பகுதியில் உள்ளது. அந்த ஆனைக்கரையில் பிறந்தவர் அம்மு சுவாமிநாதன். 1917இல் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தின் முன்னோடிகளில் ஒருவர். அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினர். அவருடைய மகள்தான் நம் நெஞ்சில் நிறைந்த கேப்டன் லட்சுமி. 1943இல் அவர் தலைமையேற்ற ஜான்சிராணிப் படையில், மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழ்க் குடும்பங்களின் பெண்கள் பலர் சேர்ந்தனர். இந்திய மண்ணைக் கண்ணால் கண்டிராத பெண்களும் அவர்களில் இருந்தனர். இந்தியாவுக்காக உயிரைத் தர முன்வந்த அவர்களிடம் எவரும் கடவுச்சீட்டு கேட்கவில்லை.

அம்மு சுவாமிநாதன் அங்கம் வகித்த அந்த சபை, வெளிநாடு வாழ் இந்திய வம்சாவளியினரை மறந்துவிடவில்லை. அரசியல் சட்டத்தின் 8ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். தானோ, தாய் தந்தையரில் ஒருவரோ, பாட்டன் பாட்டியரில் ஒருவரோ இந்தியாவில் பிறந்திருந்தால், வெளிநாட்டில் வசிப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்து குடியுரிமை பெறலாம் என்கிறது அது. தந்தைவழி, தாய்வழி என்ற வேற்றுமை அதில் இல்லை.

ஆனால் 1955இல் வந்த குடியுரிமைச் சட்டம் தாயை விலக்கிவிட்டது. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளை வம்சாவளியால் இந்தியக் குடிமகனாக வேண்டுமானால் தந்தை இந்தியராக இருக்க வேண்டும் என்றது. தாயும் குடியுரிமையைத் தரலாம் என்ற திருத்தம் 1992 டிசம்பர் 10 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. மறுநாள், டிசம்பர் 11 அன்று, ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா இணைந்தது. பிறந்த உடனே பதிவு செய்யப்படும் உரிமையும், ஒரு நாட்டின் குடியுரிமையைப் பெறும் உரிமையும் ஒவ்வொரு குழந்தைக்கும் உண்டு என்பது அந்த உடன்படிக்கையின் 7ஆவது பிரிவு.

கெடு வைத்த சட்டம்

இந்த உறுதிமொழியைத் தந்த பின் அரசு என்ன செய்தது? வாஜ்பாய் ஆட்சியில் நிறைவேறிய 2003ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், 2004 டிசம்பர் 3 முதல் ஒரு புதிய நிபந்தனையை விதித்தது. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளையின் பிறப்பை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். வேறு நாட்டுக் கடவுச்சீட்டு பிள்ளைக்கு இல்லை என்று பெற்றோர் எழுதித்தர வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் மத்திய அரசின் அனுமதி தேவை. பதிவு இல்லையேல் வம்சாவளிக் குடியுரிமை இல்லை. பெற்றோர் இருவரும் இந்தியராக இருந்தாலும் இதுவே சட்டம்.

வளைகுடா நாடுகளில் இதன் பொருள் என்ன? அந்நாடுகளில் பிறந்த காரணத்தால் மட்டும் குடியுரிமை கிடைப்பதில்லை. ஆகவே, பிறந்த நாடு ஏற்காத பிள்ளையைப் பெற்றோரின் நாடும் ஏற்காமல் போனால், அப்பிள்ளை எந்த நாட்டுக்கும் உரியதல்ல என்றாகிவிடுகிறது.

கட்சி ஏடுகளுக்கு மொழிபெயர்ப்பதே என் பணி என்றாலும், தாள்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவோரும் உண்டு. அப்படி ஒரு தாய் வந்தார். தோட்டத் தொழிலாளியின் மகள். வளைகுடா நாடொன்றில் கணவரோடு வாழ்ந்தவர். அங்கே பிள்ளை பிறந்தபோது, கணவரின் நிறுவனம் பல மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்திருந்தது. அவருடைய கடவுச்சீட்டும் நிறுவனத்தின் பெட்டிக்குள் இருந்தது. பிள்ளையைப் பதிவு செய்யப் பெற்றோரின் கடவுச்சீட்டு வேண்டும். அதைக் கேட்டால் வேலை போகும். தயங்கித் தயங்கி ஓராண்டு கடந்துவிட்டது. பிறகு அனுமதிக்கான மனு, விளக்கக் கடிதம், காத்திருப்பு. பிள்ளைக்கு விசா இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் ஏறிற்று. இறுதியில் அனுமதி கிடைத்தது. ஆனால் தாயும் பிள்ளையும் ஊர் திரும்பியபோது, அவர்கள் சேமித்ததெல்லாம் கரைந்திருந்தது. “என் பிள்ளை என்ன தவறு செய்தான் என்று இந்தத் தாளில் எங்காவது எழுதியிருக்கிறதா, பாருங்கள்” என்று அந்தத் தாய் கேட்டார். எல்லாத் தாள்களையும் படித்துவிட்டேன். எழுதியிருக்கவில்லை.

கடவுச்சீட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. 1967ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி அது எப்போதும் மத்திய அரசின் சொத்து. தன் சொத்தைத் தனியார் பூட்டி வைப்பதைத் தடுக்க இயலாத அரசு, அந்தப் பூட்டினால் நேர்ந்த தாமதத்துக்குக் குழந்தையைத் தண்டிப்பது எந்த வகை நீதி?

தேயிலைத் தோட்டம் கற்பித்த பாடம்

தோழர்களே, தோட்டத் தொழிலாளரின் வரலாற்றில் இது புதிதன்று. சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், 1950க்கு முன் உன் குடும்பம் இங்கு குடிவந்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்கப்படும் துன்பத்தை இம்மலையில் வாழும் தமிழ்த் தாழ்த்தப்பட்ட மக்கள் அறிவார்கள். கடல் கடந்த நம் உறவுகளுக்கு இதைவிடப் பெருங்கொடுமை நேர்ந்தது.

இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டனர். அந்த மக்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. ஒரே குடும்பத்தில் பெற்றோர் ஒரு கணக்கிலும் மணமான பிள்ளைகள் மறு கணக்கிலும் விழுந்தனர். இந்தியக் கடவுச்சீட்டு கையில் இருந்தும், 1984இல் கப்பல் போக்குவரத்து நின்றுபோனதால் அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் இரு நாடுகளுக்கும் வேண்டாதவர்களாக வளர்ந்தனர். அவர்களின் வம்சாவளியினருக்கும் வழி திறக்கும் இலங்கைச் சட்டம் 2003இல்தான் வந்தது.

அதே தீவிலிருந்து போருக்கு அஞ்சித் தமிழகம் வந்தோரில் மலையகத் தமிழரும் பலர். முகாம்களில் பிறந்த அவர்களின் பிள்ளைகளுக்கு இந்தியாவைத் தவிர வேறு நாடு தெரியாது. ஆயினும் 1987 ஜூலை 1க்குப் பின் பிறந்திருந்தால், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பின் பிறந்திருந்தால், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக் கூடாது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு, பிறப்பினாலேயே அவர் இந்தியக் குடிமகள் என்று கூறிக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. சரியான தீர்ப்பு. ஆனால் அடுத்த ஆண்டு இறுதியில் அதே முகாமில் பிறந்த இன்னொரு பிள்ளைக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு உதவியிருக்கக்கூடிய 2019ஆம் ஆண்டுத் திருத்தமோ, மதத்தை அளவுகோலாக்கி, மூன்று நாடுகளை மட்டும் குறித்து, இலங்கைத் தமிழரை வெளியே நிறுத்தியது.

யாருக்கு எந்தக் கதவு?

செல்வர் வீட்டுப் பிள்ளை அமெரிக்காவில் பிறந்தால் அந்நாட்டுக் குடியுரிமையும், இந்தியாவுக்கு வந்து போக ஆயுட்கால விசாவுக்கு நிகரான அட்டையும் கிடைக்கின்றன. இதில் நமக்குப் பொறாமை இல்லை. எந்தக் குழந்தையும் நன்றாக வாழட்டும். ஆனால் ஊருக்குப் பணம் அனுப்பி நாட்டின் அந்நியச் செலாவணியை நிரப்பும் கொத்தனாரின் பிள்ளை மட்டும் ஏன் வாசலில் நிற்க வேண்டும்? உழைப்பாளி கடல் கடந்து போவதை முதலாளித்துவ அரசு வரவேற்கிறது. அவர் மனிதராக வாழ்ந்து, மணந்து, பிள்ளை பெறுவதை அதன் கணக்கேடு சிக்கலாகப் பார்க்கிறது.

‘கடவு’ என்ற சொல்லுக்குத் தமிழில் வழி என்று பொருள். மலையாளத்தில் அது தோணி அணையும் ஆற்றுத் துறை. மக்கள் கரை சேர்வதற்கான இடத்தின் பெயரால் அழைக்கப்படும் சீட்டு, ஒரு குழந்தையைக் கரையில்லாமல் விடலாகாது.

எனவே நம் கோரிக்கைகளை முன்வைப்போம். இந்தியப் பெற்றோருக்கு எங்கு பிறந்த பிள்ளையும் பிறப்பினாலேயே குடியுரிமை பெற வேண்டும். பதிவு அதற்குச் சான்றாக மட்டும் இருக்கட்டும். ஓராண்டுக் கெடு நீக்கப்பட வேண்டும். தொழிலாளர் குடியிருப்புகளுக்கே, விடுமுறை நாள்களில், தூதரக அலுவலர்கள் சென்று கட்டணமின்றிப் பதிவு செய்ய வேண்டும். கடவுச்சீட்டைப் பறிக்கும் முதலாளி மீது தூதரகமே புகார் தொடுக்க வேண்டும். திருமணச் சான்று காட்ட இயலாத தாயின் பிள்ளைக்கும் பதிவு மறுக்கப்படக் கூடாது. முகாம்களில் பிறந்த ஈழத் தமிழ், மலையகத் தமிழ்ப் பிள்ளைகளில் விரும்புவோருக்குக் குடியுரிமை வழங்க வேண்டும்.

சட்டம் மாறும்வரை காத்திருக்கவும் முடியாது. உங்கள் மகனோ மகளோ வெளிநாட்டில் இருந்தால், பேரப்பிள்ளை பிறந்த செய்தி வந்த அன்றே தொலைபேசியில் இரண்டு கேள்விகள் கேளுங்கள். தாயும் பிள்ளையும் நலமா? தூதரகத்தில் பதிவு செய்தாயிற்றா? ஓராண்டு கடந்துவிட்டது என்றால் மனம் தளர வேண்டாம். அனுமதி கோரும் வழி சட்டத்திலேயே உள்ளது. மனு எழுதத் தெரியவில்லை என்றால் நம் தோழர்களிடம் வாருங்கள், எழுதித் தருவோம்.

மலாயாத் தோட்டத்துப் பெண்கள் இந்நாட்டுக்கு உரியவர்கள் என்பதைத் தங்கள் தியாகத்தால் மெய்ப்பித்தார்கள். இன்று பிறக்கும் குழந்தை எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. அதற்கு ஒரு நாடு உண்டு என்பதை நாம் ஒன்றுபட்ட போராட்டத்தால் உறுதி செய்வோம்.