ஹிட்லரின் விமான மந்திரி சபைக்குள் ஒரு எதிரி



ஹிட்லரை எதிர்த்த ஜெர்மன் ராணுவ அதிகாரி என்றால் 1944 ஜூலை 20-ல் வெடிகுண்டு வைத்த ஸ்டௌஃபென்பர்க்கைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அவர் வீரர்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால் ஹிட்லரின் படைகள் ஊர் ஊராக ஜெயித்துக்கொண்டு போன காலத்திலேயே அவனை எதிர்த்து நின்ற ஒரு அதிகாரி உண்டு. விமானப் படை லெப்டினன்ட் ஹாரோ ஷுல்ட்சே-பாய்சன். அவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

1909-ல் கீல் துறைமுகத்தில் பிறந்தவர். தகப்பனார் கடற்படை அதிகாரி. கெய்சர் காலத்துக் கடற்படைத் தளபதி டிர்பிட்ஸ் அவருக்கு நெருங்கிய உறவு. பஞ்சமோ பட்டினியோ அவரை நம் பக்கம் தள்ளவில்லை. வாலிப வயதில் 'எதிரி' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். 1933-ல் ஹிட்லர் பதவிக்கு வந்ததும், அந்த ஏப்ரலிலேயே கறுப்புச் சட்டை எஸ்.எஸ். குண்டர்கள் அந்த ஆபீசை நொறுக்கி, அவரையும் அவருடைய நண்பர் ஹென்றி எர்லாங்கரையும் இழுத்துக்கொண்டு போய்ச் சித்திரவதை செய்தார்கள். எர்லாங்கர் செத்தே போனார். ஹாரோவை அவருடைய தாயார் பெரிய மனிதர்களைப் பிடித்து மீட்டுக்கொண்டு வந்தார்.

இதற்குப் பிறகு ஒருவர் என்ன செய்வார்? வாயைப் பொத்திக்கொண்டு வீட்டில் இருப்பார். இல்லையென்றால் நாட்டை விட்டு ஓடுவார். ஹாரோ இரண்டும் செய்யவில்லை. 1934-ல் பெர்லினில் கோயரிங்கின் விமான மந்திரி சபையிலேயே வேலைக்குச் சேர்ந்தார். பகலில் எதிரியின் உடுப்பு, ராத்திரியில் எதிரிக்கு எதிரான வேலை. 1936-ல் லிபர்டாஸ் என்ற பெண்ணை மணந்தார். கோயரிங்குக்குப் பழக்கமான குடும்பத்துப் பெண். அந்த அம்மையாரும் பின்னால் இதே வேலையில் இறங்கினார். நாஜிகள் செய்த கொலைகளின் படங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்தார்.

ஹாரோவைச் சுற்றி யார் யார் சேர்ந்தார்கள் தெரியுமா? பொருளாதார மந்திரி சபை அதிகாரி ஆர்விட் ஹார்னாக், எழுத்தாளர் குக்ஹோஃப், சிற்பி ஷூமாகர், ரயில்வேத் தொழிலாளி ஜான் ஸீக், கடைசல் மிஷினில் வேலை பார்த்த ஹான்ஸ் கோப்பி. பிரபு குடும்பத்து அதிகாரியும் கடைசல் தொழிலாளியும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசினார்கள்.

1941-ல் சோவியத் யூனியனைத் தாக்க ஹிட்லர் தயாராவதை ஹாரோ தன் மேஜைக்கு வந்த காகிதங்களில் கண்டார். சோவியத் தூதரகத்துக்கு மாதக்கணக்கில் எச்சரிக்கை அனுப்பினார். ஏற்பாடுகள் முடிந்துவிட்டன, எந்த நேரத்திலும் அடி விழலாம் என்ற செய்தி ஜூன் நடுவில் மாஸ்கோ சேர்ந்தது. ஸ்டாலின் நம்பவில்லை. இது பொய்த் தகவல் என்று கெட்ட வார்த்தையோடு அந்தக் காகிதத்திலேயே எழுதினார். ஜூன் 22-ல் தாக்குதல் வந்தது. இதை நம் மேடையில் மறைத்துப் பேசுவது அந்த மனிதருக்குச் செய்யும் அவமானம். உயிரைப் பணயம் வைத்து அனுப்பிய செய்தி அது.

யுத்தம் வந்ததும் தூதரகம் மூடப்பட்டது. ஒயர்லெஸ் கருவியை இயக்கும் பொறுப்பு கோப்பியின் தலையில் விழுந்தது. கருவி சரியாக வேலை செய்யவில்லை. ஆனாலும் கையை மடக்கி உட்காரவில்லை. துண்டுப் பிரசுரம் அச்சாகி, உறையில் போட்டு, நகரத்தின் வெவ்வேறு தபால் பெட்டிகள் வழியாகப் போயிற்று. 1942 மே மாதம் 'சோவியத் சொர்க்கம்' என்று கேலி செய்து நாஜிகள் பெர்லினில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். ஒரு ராத்திரியில், நாஜி சொர்க்கம் என்றால் யுத்தமும் பசியும் பொய்யும்தானே, இன்னும் எத்தனை நாள் என்று கேட்கும் சீட்டுகள் சுவர் சுவராக ஒட்டப்பட்டன. ஒட்டியவர்களுக்குக் காவலாக உடுப்போடு நின்றவர் ஹாரோ.

அவரைக் காட்டிக்கொடுத்தது ஆள் அல்ல. 1941 ஆகஸ்டில் மாஸ்கோவிலிருந்து போன ஒரு ஒயர்லெஸ் செய்தியில் பெர்லின் விலாசங்கள் இருந்தன. அந்த ரகசிய எழுத்தை 1942 கோடையில் ஜெர்மானியர்கள் உடைத்தார்கள். இப்படியொரு செய்தியை அனுப்பியது பெரும் கவனக்குறைவு என்றே சொல்வோம். 1942 ஆகஸ்ட் 31-ல் ஹாரோ கைதானார். நூறு பேருக்கு மேல் பிடிபட்டார்கள். ஐம்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். டிசம்பர் 22-ந் தேதி பிளோட்ஸன்ஸே சிறையில் ஹாரோ தூக்கிலிடப்பட்டார், வயது 33. அதே ராத்திரி லிபர்டாஸும் ஹார்னாக்கும் கோப்பியும் மடிந்தார்கள்.

"சொந்த நாட்டு ரகசியத்தை அந்நியனுக்குக் கொடுத்தவன் துரோகி அல்லவா?" என்று உங்களில் யாராவது கேட்கலாம். மேற்கு ஜெர்மனியிலும் வெகுகாலம் அப்படித்தான் பேசினார்கள். நாம் திருப்பிக் கேட்கிறோம்: தன் ஜனங்களையே லட்சக்கணக்கில் சாகக் கொடுத்து, அண்டை நாடுகளைச் சூறையாடிய கூட்டம்தான் நாடா? கோர்ட்டில் வழக்கை நடத்திய ரோடர் யுத்தத்துக்குப் பிறகு ஒரு நாள்கூடத் தண்டனை அனுபவிக்காமல் 1971-ல் படுக்கையில் செத்தான். சோவியத் அரசு 1969-ல் ஹாரோவுக்குச் செங்கொடி விருது தந்தது. 'யுத்தத் துரோகம்' என்று நாஜி கோர்ட்டுகள் எழுதிய தீர்ப்புகளை ஜெர்மன் பார்லிமெண்ட் 2009-ல்தான் ரத்து செய்தது.

இன்னொன்று. கோப்பியின் மனைவி ஹில்டாவும் சிறையில் இருந்தார். நிறைமாத கர்ப்பிணி. 1942 நவம்பர் 27-ல் அங்கேயே ஆண் குழந்தை பிறந்தது. பால் கொடுக்க விட்டு, 1943 ஆகஸ்டில் தாயைக் கொன்றார்கள். அந்தக் குழந்தை பாட்டி வீட்டில் வளர்ந்து, தகப்பன் பெயரையே தாங்கி, சரித்திர ஆசிரியராயிற்று. ஹாரோ ஷுல்ட்சே-பாய்சனின் வாழ்க்கையை ஆராய்ந்து புத்தகமாக எழுதியது அவர்தான்.