காணாமற்போன மகளும் நம் ஊகங்களும்

(திருக்குடும்ப விழாவன்று வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை)



இன்றைய நற்செய்தியில் பாஸ்கா விழா முடிந்து நாசரேத்துக்குத் திரும்பும் ஒரு பெரிய கூட்டத்தைப் பார்க்கிறோம். உறவினர், ஊரார், தெரிந்தவர் என்று எல்லாரும் சேர்ந்து போகும் பயணம். பன்னிரண்டு வயது மகன் கூட்டத்தில் யாருடனாவது வந்துகொண்டிருப்பான் என்று மரியாவும் யோசேப்பும் நினைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் நடந்த பிறகுதான் அவர் இல்லை என்று தெரிகிறது. செபமாலையில் மகிழ்ச்சி மறையுண்மைகளின் வரிசையில் இதைச் சொல்லிச் சொல்லி நாம் பழகிவிட்டோம். அதனால், அந்த முதல் இரவு அன்னைக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசிப்பதே இல்லை. கோவிலில் கண்டடைவார்கள் என்பது நமக்குத் தெரியும். அவருக்கு அப்போது தெரியாது.

முடிவு தெரியாமல் மூன்று நாள் அல்ல, பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்த ஒரு தாயைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம்.

வெனிசுவேலாவுக்கு வடக்கே, கரீபியக் கடலில், அரூபா என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. நெதர்லாந்து அரசின் கீழ் உள்ளது. மக்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற கத்தோலிக்கர். 2005 மே மாதக் கடைசியில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பள்ளிப் படிப்பை முடித்த நூற்றுக்கும் மேற்பட்ட மாணவ மாணவியர் அங்கே சுற்றுலா போனார்கள். துணைக்குப் பெரியவர்களும் சென்றிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருத்தி நடாலி ஹாலோவே, வயது 18. மருத்துவம் படிக்க வேண்டும் என்ற எண்ணம். கல்லூரிக்கு உதவித்தொகையும் கிடைத்திருந்தது. மே 30 அதிகாலை, பயணத்தின் கடைசி இரவில், ஓரன்யஸ்டாட் நகரின் கேளிக்கை விடுதி ஒன்றிலிருந்து மூன்று இளைஞர்களோடு காரில் ஏறிப் போனதைத் தோழியர் பார்த்தார்கள். காலையில் விமானத்துக்குப் புறப்படும் நேரத்தில் ஆள் இல்லை. அடுக்கி வைத்த பெட்டியும் கடவுச்சீட்டும் விடுதி அறையிலேயே இருந்தன. அன்றே தாய் அந்தத் தீவுக்குப் பறந்து வந்தார்.

பயணக் கூட்டம் வீடு திரும்புகிறது. ஒரு பிள்ளையைக் காணோம். நாசரேத்துக்காரர்களின் கதைதான் இது.

அந்த இளைஞர்கள் மூவரும் முதலில் ஒரே கதையைச் சொன்னார்கள். கலங்கரை விளக்கம் வரை போனோம், திரும்பி வந்து விடுதி வாசலில் இறக்கிவிட்டோம், அப்போது காவலர் உடையில் ஒருவர் அவளை நெருங்கினார் என்பது கதை. அதன் விளைவைக் கேளுங்கள். ஜூன் 5 அன்று, வேறொரு விடுதியில் முன்பு காவலர்களாக வேலை பார்த்த இரண்டு பேர் கைது செய்யப்பட்டார்கள். ஒரு வாரத்துக்கு மேல் சிறையில் இருந்துவிட்டு, ஜூன் 13 அன்று விடுவிக்கப்பட்டார்கள். அவர்களுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உலகத் தொலைக்காட்சிகளில் முகம் காட்டப்பட்ட அந்த இருவரையும் இன்று யார் நினைக்கிறார்கள்?

தானியேல் நூலில் சூசன்னாவின் வரலாறு நமக்குத் தெரியும். முதியோர் இருவரும் ஒன்றாக நின்று சொன்னபோது ஊரே நம்பியது. இளைஞரான தானியேல் அவர்களைத் தனித்தனியே பிரித்து, எந்த மரத்தின் கீழ் என்று கேட்டார். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார், மற்றவர் வேறொரு மரத்தைச் சொன்னார். அரூபாவிலும் அப்படியே ஆயிற்று. விடுதி வாசல் என்ற கதை நிற்கவில்லை; கடற்கரையில் விட்டோம் என்றார்கள். யார் விட்டது, எப்போது விட்டது என்பதில் ஆளுக்கொரு சொல். ஆனாலும் உடல் கிடைக்கவில்லை. சான்று போதவில்லை. 2007 டிசம்பரில் யார் மீதும் குற்றம் சாட்டாமல் வழக்கை மூடினார்கள்.

இதற்கிடையில் ஊகங்கள் பெருகின. போதைப்பொருளால் இறந்திருப்பாள் என்றார்கள். குடித்து மயங்கி வலிப்பு வந்து இறந்தாள் என்றார்கள். வெனிசுவேலாவுக்குக் கடத்தி விற்றுவிட்டார்கள் என்றார்கள். மீன்பிடிக் கூண்டில் வைத்துக் கடலில் இறக்கினார்கள், குப்பை மேட்டில் புதைத்தார்கள், குளத்தில் போட்டார்கள், ஒரு வீட்டின் அடித்தளத்துக்குள் வைத்துக் கட்டினார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம் சேர்ந்தது. அவளே விருப்பப்பட்டு ஓடிப்போய் எங்கோ வாழ்கிறாள் என்று சொன்னவர்களும் உண்டு.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஊகம் எல்லாமே பாவம் அல்ல. ஊகம் இல்லாமல் தேட முடியாது. குளத்தில் இருக்கலாம் என்று நினைத்ததால் அந்தக் குளத்துத் தண்ணீரை இறைத்தார்கள். குப்பை மேட்டைக் கிளறினார்கள். கடலுக்கடியில் எடுத்த ஒரு படத்தில் எலும்புக்கூடு போலத் தெரிந்ததால் முக்குளிப்பவர்களை இறக்கிப் பார்த்தார்கள். 2010இல் கடற்கரையில் கிடைத்த தாடை எலும்பை நெதர்லாந்துக்கு அனுப்பி ஆய்வு செய்தார்கள். அது அவளுடையதல்ல. ஒவ்வொரு முறையும் பார்த்தார்கள், இல்லையென்றதும் அந்த எண்ணத்தை விட்டார்கள். அந்தத் தீவின் அரசு ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் விடுப்புப் பெற்றுத் தேடுவதற்கு இறங்கினார்கள். மரியாவும் யோசேப்பும் செய்தது இதுதான். கூட்டத்தில் இருப்பான் என்பது அவர்களுடைய ஊகம். உறவினரிடமும் தெரிந்தவரிடமும் கேட்டார்கள். இல்லையென்றதும் ஊகத்தைக் கைவிட்டு எருசலேமுக்குத் திரும்பி நடந்தார்கள்.

நம்முடைய ஊகங்கள் அப்படிப்பட்டவையா? நாம் ஒரு குளத்தையும் இறைக்கப் போவதில்லை. காணாமற்போன பெண்ணைப் பற்றிய செய்தி வந்தவுடன் நாம் முதலில் கேட்பது, அந்த நேரத்தில் அவளுக்கு அங்கே என்ன வேலை என்பதுதான். குடித்திருந்தாளா, யாரோடு போனாள், வீட்டில் எப்படி வளர்த்தார்கள் என்று கேட்கிறோம். நடாலியைப் பற்றியும் இவையெல்லாம் கேட்கப்பட்டன. நாங்கள் குருக்களும் இதற்கு விலக்கல்ல. குருக்கள் கூடும் சாப்பாட்டு மேசையிலும் இந்த மாதிரிப் பேச்சு நடக்கும். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, காலம் கெட்டுவிட்டது என்போம். பெருமூச்சு விட்டதால் பேசியது செபமாகிவிடுவதில்லை.

நாங்கள் குருமடத்தில் எட்டாம் கட்டளையைப் படித்தபோது, பொய்ச்சான்று என்றால் நீதிமன்றத்தில் சொல்வது மட்டும்தான் என்று எண்ணியிருந்தோம். திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2477ஆம் எண்ணில் அதைவிட நெருங்கி வருகிறது. அவதூறையும் புறணியையும் சொல்வதற்கு முன்னால், போதிய அடிப்படை இல்லாமல் பிறரிடம் குற்றம் இருப்பதாக ஏற்றுக்கொள்வதையே தவறு என்கிறது. வாய் திறக்காமல் மனத்துக்குள் நினைத்தாலும் அந்தத் தவறுதான். சிலுவை அடையாளம் வரைந்துகொண்டே நாம் இதைச் செய்துவிட முடியும். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளாக இருந்திருப்பார்கள் என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள். ஆண்டவர் அதை மறுத்தார். இறந்தவரின் குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டால், நமக்கு அப்படி நேராது என்று நிம்மதியாகத் தூங்கலாம். ஊகத்தின் ருசியே அதில்தான் இருக்கிறது.

ஊகத்தை விற்றவர்களும் உண்டு. அந்த மூவரில் ஒருவன், யோரன் வான் டெர் ஸ்லூட், அப்போது வயது 17. அவனே ஆண்டுக்கொரு கதை சொன்னான். 2008இல் ஒரு மறைவான ஒளிப்படக் கருவிக்கு முன்னால், அவளுக்கு வலிப்பு வந்தது, நண்பனைக் கொண்டு உடலைக் கடலில் போடச் செய்தேன் என்றான். பிறகு அது பொய் என்றான். அதே ஆண்டில் ஒரு தொலைக்காட்சியிடம், அவளை விற்றுவிட்டேன் என்றான். அதையும் திரும்பப் பெற்றான். 2010இல் உடல் இருக்கும் இடத்தைக் காட்டுகிறேன் என்று தாயிடமே 2,50,000 டாலர் கேட்டு, முன்பணமாக 25,000 டாலர் வாங்கிக்கொண்டு, ஒரு வீட்டைக் காட்டினான். அந்த இடம் பொய். தாயின் கண்ணீர்ப் பணத்தோடு பெரு நாட்டுக்குப் போனான். அங்கே லீமா நகரில், 2010 மே 30 அன்று, நடாலி காணாமற்போய்ச் சரியாக ஐந்து ஆண்டு நிறைந்த நாளில், ஸ்டெபனி புளோரெஸ் என்ற 21 வயதுப் பெண்ணைக் கொன்றான். 2012 ஜனவரியில் 28 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

அதே ஜனவரியில், தீர்ப்புக்கு முந்தின நாள், அலபாமாவில் ஒரு நீதிபதி நடாலி இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவித்தார். தந்தை அதற்கு மனுச் செய்திருந்தார், தாய் எதிர்த்தார். இதில் யாரைக் குறை சொல்ல முடியும்? ஒருவர் அடக்கம் செய்ய விரும்புகிறார். மற்றவரால் முடியவில்லை. யாக்கோபு தன் மகனின் அங்கியைக் கண்டார். அதில் இரத்தம் இருந்தது. கொடிய விலங்கு தின்றுவிட்டது என்று அவரே முடிவு செய்தார். கதையைத் தயாரித்தவர்கள் அவருடைய சொந்தப் பிள்ளைகள். அங்கியைக் காட்டிவிட்டுப் பேசாமல் நின்றார்கள், மிச்சத்தைத் தந்தையே சொல்லிக்கொண்டார். பிறகு அவர்களே வந்து ஆறுதல் சொன்னபோது, அவர் ஆறுதல் ஏற்கவில்லை. பல ஆண்டுகளாகத் தொடக்கநூலின் இந்தப் பகுதிக்கு மறையுரை ஆற்றிய நாங்கள், ஆறுதலை மறுத்ததை யாக்கோபின் விசுவாசக் குறைவு என்று சொன்னதுண்டு. அது தவறு. பொய்யான இறப்புச் செய்தியில் ஆறுதல் அடையாமல் இருந்தது அவருடைய அன்பு.

2023இல் அவனைப் பெருவிலிருந்து அலபாமாவுக்குக் கொண்டுவந்தார்கள். கொலைக்காக அல்ல, அந்தத் தாயிடம் பணம் பறித்ததற்காக. அந்த வழக்கில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அக்டோபரில் அவன் நடந்ததைச் சொன்னான். கடற்கரையில் அவளை நெருங்கினான். அவள் வேண்டாம் என்றாள். விடாதபோது எதிர்த்துத் தடுத்தாள். அவன் அவளை அடித்துக் கொன்று, உடலைக் கடலில் தள்ளினான். கேட்டுக்கொண்டிருக்கும் வீடுகளில் பிள்ளைகள் இருப்பார்கள். மேலும் விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. 20 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

இதை ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் சொல்லும் பாவ அறிக்கையோடு யாரும் குழப்பிக்கொள்ள வேண்டாம். தண்டனைக் கணக்குப் பார்த்துச் சொன்ன உண்மையும் உண்மைதான். ஆனால் மனத்துயர் வேறு, பரிகாரம் வேறு. அவன் உள்ளத்தை ஆண்டவர் அறிவார். அதைப் பற்றியும் நாம் ஊகிக்காமல் விட்டுவிடுவோம்.

ஆனால் அந்த உண்மை வெளிவந்தபோது, பதினெட்டு ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட கதைகளுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். போதைப்பொருள் இல்லை. ஓடிப்போகவில்லை. கடத்தல் கும்பல் இல்லை. அவள் மறுத்தாள், அதற்காகக் கொல்லப்பட்டாள். மறுப்பதற்கு அவள் புனிதையாக இருந்திருக்க வேண்டியதில்லை. இரவில் கொண்டாடப் போனவளுக்கும், காரில் ஏறியவளுக்கும், வேண்டாம் என்று சொல்லக் கடவுள் கொடுத்த உரிமை குறையாமல் இருந்தது. நம் வீட்டு ஆண் பிள்ளைகளிடம் இதை யார் சொல்கிறோம்? பெண் பிள்ளைகளிடம் ஆறு மணிக்குள் வீட்டுக்கு வா என்கிறோம். சொல்ல வேண்டியதுதான். மறுத்த பெண்ணைத் தொடாதே என்று மகனை உட்கார வைத்துச் சொன்ன தந்தையர் நம் பங்கில் எத்தனை பேர்? மறைக்கல்வி வகுப்பிலும் நாங்கள் இதைத் தவிர்த்தே வந்திருக்கிறோம். வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறோம்.

அரூபா மக்களையும் மறக்க வேண்டாம். 2005 நவம்பரில் அலபாமா ஆளுநரே அந்தத் தீவைப் புறக்கணிக்கும்படி கேட்டுக்கொண்டார். ஒருவன் செய்ததற்குச் சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் ஒரு தீவே சந்தேகத்துக்கு ஆளானது. அங்கே வடக்குக் கரையோரம் ஆல்ட்டோ விஸ்டா என்று மாதாவின் சிற்றாலயம் ஒன்று உண்டு. மஞ்சள் வண்ணச் சுவர், சுற்றிலும் கள்ளிச் செடிகள், பாதை நெடுகிலும் வெள்ளைச் சிலுவைகள். அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியும்.

இந்த வாரம் வீடுகளில் செபமாலை சொல்லும்போது ஐந்தாம் மகிழ்ச்சி மறையுண்மையில் சற்று நில்லுங்கள். நடாலியின் பெற்றோருக்காகவும், லீமாவில் ஸ்டெபனியின் குடும்பத்துக்காகவும், செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் இருந்த அந்த இரண்டு காவலர்களுக்காகவும் பத்து மணிகள் சொல்லுங்கள். உங்கள் தெருவில் பிள்ளையைக் காணாமல் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும் வீடு இருந்தால், மாலையில் போய் அவர்களோடு அமர்ந்து சொல்லுங்கள். கேள்வி எதுவும் கேட்க வேண்டாம். ஆமென்.