'இருக்கலாம்' என்ற சொல்



வடக்குத்துப் பக்கம் முந்திரித் தோப்புகள் மிகுதி. கொட்டை பொறுக்கும்போது பாம்பு கடித்துவிட்டால் மருத்துவரிடம் நாம் கேட்கும் முதற் கேள்வி, "விஷம் ஏறியிருக்குமா?" என்பதே. அவர் "இருக்கலாம்" என்கிறார். நமக்குக் கோபம் வருகிறது. உடனே ஊசி போட்டால் என்ன என்கிறோம்.

அது கைவிரிப்பல்ல. விஷப்பாம்பு கடித்தும் சில வேளை விஷம் இறங்குவதில்லை. விஷமுறிவு மருந்தோ குதிரையின் இரத்தத்தைக் கொண்டு தயாரிப்பது. சிலருக்கு அதுவே மூச்சை அடைக்கும். ஆகவே வெறும் 'இருக்கலாம்' என்பதற்காக அதை ஏற்றுவதில்லை. அறிகுறி தெரிந்துவிட்டாலோ, அந்த அச்சத்துக்காக நிறுத்துவதுமில்லை.

2 மில்லி இரத்தத்தை உலர்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். சாய்க்கும்போது உறையாமல் ஓடினால் விரியன் விஷம் வேலை செய்கிறது. மருந்து உடனே தேவை. உறைந்திருந்தால்? இங்கேதான் நம்மவர்கள் தவறுகிறார்கள். "ஒன்றுமில்லை" என்று வண்டி பிடித்துப் புறப்பட்டு விடுகிறார்கள். அது அந்த வேளைக்கு மட்டுமான பதில். அதனால்தான் திரும்பத் திரும்பச் சோதிக்கிறார்கள்.

மேலும், கட்டுவிரியன் கடித்தவருக்கு இரத்தம் உறையும். பல் தடம்கூடத் தெரியாமல் போகும். தரையில் படுத்தவர் விடியலில் வயிற்றுவலி என்பார். பிறகு இமை சரியும், மூச்சு தளரும். 24 மணி நேரம் வைத்துக் கவனிப்பது இதற்காகவே. (கயிறு கட்டுவதும் கீறிவிடுவதும் வேண்டவே வேண்டாம்.)

இரவில் செவிலியர் வந்து நோயாளியை எழுப்பி, "மேலே பாருங்கள்" என்றால் சலித்துக்கொள்ளாதீர்கள். அவர் இமையைத்தான் பார்க்கிறார்.