திரும்பி வராத நினைவகம்



சென்ற ஆண்டு என் வீட்டில் நிகழ்ந்த ஒரு சிறு வழக்கை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அவ்வழக்கில், விசாரணைக்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டவன் நான்தான்.

என்னிடம் 4 ஜிகாபைட் நினைவகம் கொண்ட லினக்ஸ் கணினி ஒன்று உண்டு. அதன் திரைமுகப்பை அமைத்துத் தருவது க்னோம் என்னும் மென்பொருள். அடுத்த தெருவிலுள்ள கல்லூரி மாணவன் ஒருவன் தன் கட்டுரைகளை அதில்தான் தட்டச்சுச் செய்வான். மறுநாள் ஒப்படைக்க வேண்டிய கட்டுரையை ஒரு மாலை அவன் எழுதிக்கொண்டிருக்கையில், கணினி அசைவற்று நின்றது. நான்கு மணி நேர உழைப்பு போயிற்று. அவ்வப்போது சேமிக்காதது அவன் பிழை என்பது வேறு. ஆயினும் நான், "பின்னணிப் படம் மாற்றும் துணைநிரல் அது இது என்று நீ பொருத்தி வைத்தாயே, அதன் பயன்தான் இது" என்று கடிந்துகொண்டேன். "சரி, ஐயா" என்று மட்டும் சொல்லிப் போனான்.

அவன் சென்றபின் கணினியை மீண்டும் இயக்கினேன். எந்தெந்த மென்பொருள் எவ்வளவு நினைவகம் கொள்கிறது என்பதைக் காட்டும் பட்டியலில் க்னோம் முகப்புக்கு 300 மெகாபைட் என்று இருந்தது. சில நாள் அணைக்காமல் வைத்துப் பார்த்தேன். 1,700 ஆயிற்று! துணைநிரல் எதன் பெயரும் அப்பட்டியலில் இல்லை. ஏனெனில் க்னோம் துணைநிரல்கள் தனித்து இயங்குவன அல்ல. முகப்பின் உள்ளேயே குடியிருந்து, அதன் கணக்கிலேயே உண்பவை.

நினைவகக் கசிவு என்றால் நீர் ஒழுகுவதுபோல எதுவும் வெளியே போவதன்று. திரும்பி வரவேண்டியது வராமல் நிற்பது. ஒரு மாணவன் மாற்றுச் சான்றிதழ் பெற்றுப் போய்விட்டான். வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை அடிக்கவில்லை. அவனுக்கென்று பலகையில் இடம் காத்திருக்கும். ஆசிரியர் நாள்தோறும் அவன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். இத்துணைநிரல்கள் எழுதப்படும் ஜாவாஸ்கிரிப்டு மொழியில், பயன்படாதவற்றைத் தானே அப்புறப்படுத்தும் ஏற்பாடு உண்டு. ஆனால் எங்கேனும் ஓரிடத்தில் பெயர் எஞ்சியிருந்தால் அப்பொருளை அது தொடாது.

ஃபயர்பாக்ஸ் உலாவியும் இத்தொல்லையால் நெடுநாள் வருந்திற்று. மூடிய பக்கங்களைத் துணைநிரல்கள் பற்றிக்கொண்டு விடாமல் இருந்தன. 2012 ஆகஸ்டில் வெளிவந்த 15ஆம் பதிப்பு அப்பிடியை உலாவியே அறுத்துவிடும்படி செய்தது.

என் வழக்குக்கு வருவோம். துணைநிரல்கள் ஆறு. முதல் நாள் ஆறையும் நீக்கி வைத்தேன். அளவு சற்றே ஏறி நின்றுவிட்டது. நினைவகம் ஏறுவது மட்டும் கசிவாகாது; ஒரே வேலைக்கு ஓயாமல் ஏறிக்கொண்டே போவதுதான் கசிவு. மறுநாள், மாணவனுடைய படம் மாற்றி உள்ளிட்ட மூன்றைச் சேர்த்தேன். ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாள் மற்ற மூன்று. ஒவ்வொரு முறையும் வெளியேறிப் புதிதாக நுழைந்தே தொடங்கினேன். துணைநிரலை நிறுத்திவிட்டால் மட்டும் முன்பு தேங்கியது கரைந்துவிடாது. காலைமுதல் நாற்காலியை விட்டு எழாமல், குறிப்பேட்டில் மணிக்கொரு முறை எழுதினேன். அன்றும் ஒன்றுமில்லை!

எனக்கு வியப்பாகவும் எரிச்சலாகவும் இருந்தது. இரவு உணவின்போதுதான் புலப்பட்டது: நாற்காலியை விட்டு எழாததே பிழை. வழக்கமாக நான் காப்பிக்கும் செய்தித்தாளுக்கும் பத்து முறை எழுந்து போகிறவன். அப்போதெல்லாம் திரை பூட்டிக்கொள்ளும். திரை பூட்டும்போது க்னோம் பொதுவாகத் துணைநிரல்களை நிறுத்திவைக்கிறது. திறக்கும்போது மீண்டும் தொடங்குகிறது. நிறுத்தும்போது தான் வைத்த நேரக்காட்டிகளையும் இணைப்புகளையும் எடுத்துவிட வேண்டியது துணைநிரலின் கடமை.

மறுநாள் ஒவ்வொன்றாகப் பொருத்தி, இருபது முறை பூட்டித் திறந்தேன். படம் மாற்றியில் 305 என்பது 310 ஆகி நின்றது. வானிலை காட்டும் துணைநிரலில் ஒரு மணி நேரத்தில் 540ஐக் கடந்தது; நான் கையை எடுத்த பின்னும் ஏறிற்று. நிரலைத் திறந்து படித்தபோது காரணம் தெளிவாயிற்று. தொடங்குந்தோறும் அது ஒரு நேரக்காட்டியை வைத்தது. நிறுத்தும்போது பழையதை எடுக்கவில்லை. இருபது முறை திறந்தால் இருபது நேரக்காட்டிகள்! அவை ஒவ்வொன்றும் புதிது புதிதாக வானிலைப் பட்டியல் தயாரித்து அடுக்கிக்கொண்டிருந்தன.

எல்லாப் பழியும் துணைநிரல்களுடையதன்று என்பதையும் சொல்ல வேண்டும். 2018இல் க்னோம் முகப்பிலேயே இத்தகைய தேக்கம் ஒன்று கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது. அதனால்தான் துணைநிரல் ஏதுமின்றி முதலில் அளக்க வேண்டும் என்கிறேன்.

வானிலைத் துணைநிரலைப் பொருத்தியவன் நான். மழை வருமா என்று பார்க்கும் ஆசை. பூட்டித் திறக்கும் சோதனையை விவரித்து, அதனை எழுதியவருக்கு மடல் விடுத்தேன். பிறகு அந்த மாணவனை அழைத்து, குறிப்பேட்டைக் காட்டி, "தவறு என்னுடையது, தம்பி" என்றேன். அவன் எண்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தான். "அப்படியானால் படம் மாற்றியைத் திரும்பப் போடலாமா, ஐயா?" என்று கேட்டான். போட்டான்.